வாய்க்குள்ளேயே பாடியவர்கள்

என்னைப் பற்றி வெளியே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சிடுமூஞ்சி என்பார்கள். என் நூலகத்துக்குள் கொசுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பறக்கும் என்று ஒரு ஆள் பேருந்து நிறுத்தத்தில் கதை அளந்துகொண்டிருந்தபோது நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். வருத்தப்படவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரு பொது நூலகத்தை அமைதியாக வைத்திருப்பது என்ன விளையாட்டுக் காரியமா?

அதற்கென்று எனக்கு ஒரு முறை உண்டு. யாராவது சத்தம் போட்டால் முதலில் ஒரு பார்வை. அதற்கு அடங்காவிட்டால் பென்சிலின் பின்பக்கத்தால் மேசையில் மூன்று தட்டு. அதற்கும் மேலே போனால் உதட்டில் விரலை வைத்து ஒரு ‘ஷ்ஷ்’. அதையும் தாண்டுகிறவர்களுக்கு நோட்டு இருக்கிறது. நீல அட்டை போட்ட நீள நோட்டு. தேதி, நேரம், பெயர், செய்த குற்றம், கடைசிக் கட்டத்தில் குற்றம் செய்தவரின் கையெழுத்து. மூன்று தடவை பெயர் ஏறினால் அவருடைய உறுப்பினர் அட்டை ஒரு வாரம் என் இழுப்பறையில் கிடக்கும். மேலிடம் கொடுத்த நோட்டு இல்லை, என் சொந்த ஏற்பாடு.

அந்த நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தவர் பெயின்டர். நாற்பது வருடம் சுவர் சுரண்டிய தூசியெல்லாம் அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இருமலாக வெளியே வரும். பதினோரு வருடமாகத் தினமும் சாயங்காலம் வருகிறார். கைக்குட்டையை நான்காக மடித்து வாயில் அழுத்திக்கொண்டு, முகம் சிவக்கச் சிவக்க, சத்தம் வராமல் இருமுவார். அவரே ஒரு தடவை எங்கள் கூடத்துக்கு வெள்ளையடித்தார். என் நாற்காலிக்குப் பின்னால் ‘அமைதி காக்கவும்’ என்று நான்கடி நீளத்துக்கு ஒரு பலகை தொங்கும். அதைக் கழற்ற வேண்டுமானால் சுத்தியலால் தட்ட வேண்டும், தட்டினால் சத்தம் வரும் என்று பயந்து பலகையைச் சுற்றியே அடித்துவிட்டுப் போய்விட்டார் மனிதர்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு நூலகமும் பொதுமக்கள் கலந்துகொள்ளும் நிகழ்ச்சி ஒன்றை நடத்த வேண்டும். பட்டியலில் பத்து நிகழ்ச்சிகள், ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதினைந்து நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். நமக்கு எதற்கு இந்தக் கூத்தெல்லாம் என்று கோப்பில் சொருகிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மண்டல அதிகாரி அம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டார். சதுரங்கம், ஓவியம், விநாடி வினா என்று சத்தமில்லாத அத்தனையையும் மற்ற நூலகங்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டனவாம். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, கரோக்கி.

நான் இது நூலகம் என்று சொன்னேன். அவர் தெரியும் என்றார். இசை மட்டும் ஓடும், பாட்டின் வரிகள் திரையில் வரும், மக்கள் பார்த்துப் பாட வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு விளக்கினார், ஏதோ நான் காட்டிலிருந்து வந்தவள் மாதிரி. பிறகு நிதானமாக விஷயத்துக்கு வந்தார். தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், வந்தவர்களில் பாதிப் பேராவது பங்கேற்கவில்லை என்றால் அடுத்த மாதத்திலிருந்து சாயங்கால நேரம் ரத்து என்றும் சொன்னார். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் பழைய கோப்புகளை அடுக்கக் கூடத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் வருகிறவர்கள் யார் தெரியுமா? பகலில் வர முடியாதவர்கள். தையல் அக்கா ஒருத்தர், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலை ஏழரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் ஐந்துக்குத்தான் எழுந்திருப்பார். வீங்கின காலை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு ஒரு மர்ம நாவலைத் திறந்தாரென்றால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர், வீட்டில் ஒரு மூலைகூடச் சொந்தமாக இல்லாதவர்கள். பெயின்டருக்கோ வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளே கிடையாது. இங்கேயும் யாரும் பேசுவதில்லை, நான் விடுவதில்லை. ஆனாலும் பக்கத்தில் நாலு பேர் மூச்சு விடுவார்கள் இல்லையா. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் நான் வேலைக்கே வருகிறேன். அதைப் பறித்துவிடுவார்களோ என்று மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கொழுந்தன் கல்யாணங்களுக்கு மைக்செட் போடுகிறவன். கரோக்கி இயந்திரமும் வைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரி சிரி என்று சிரித்தான், எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிறகு, கவலைப்படாதீங்க அண்ணி, நான் கல்லையே கைதட்ட வைத்திருக்கிறேன் என்று தைரியம் சொன்னான். எங்கள் அட்டெண்டர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடச் சர்வீஸ்காரர், பேச்சு குறைவு, பார்வையிலேயே நக்கல் அடிப்பார். அன்றைக்கும் என்னை அப்படித்தான் பார்த்தார்.

ஆள் சேர்ப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. புத்தகத்தில் தேதி முத்திரை குத்தும்போது ஒவ்வொருவரிடமும், வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வந்துவிடுங்கள், பாட வேண்டும் என்று சொன்னேன். நான் சொன்ன தோரணையில் ஒருவர் அபராதம் எவ்வளவு என்று கேட்டுவிட்டார். சாயங்கால நேரம் போய்விடும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என் வாயால் கெஞ்ச எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. பலகையைக் கழற்றிவிடலாம் என்று நானே சுத்தியல் எடுத்துத் தட்டினேன். கழற்றினால், அதற்குப் பின்னால் நான்கடி நீளத்துக்குப் பழைய வர்ணம் அப்படியே நீள்சதுரமாக இருக்கிறது. எழுத்து இல்லை, ஆனால் அந்த இடத்தைப் பார்த்த யாருக்கும் அங்கே என்ன எழுதியிருந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அட்டெண்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஐந்தரை அடிப்பதற்குள் நாற்பத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். பையை வாசலில் வைத்தார்கள். நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்தி உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டார்கள். மண்டல அதிகாரி அம்மா கையில் படிவத்தோடு முன்வரிசையில் வந்து அமர்ந்து, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, யாராவது இறந்துவிட்டார்களா என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

கொழுந்தன் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய காதல் பாட்டைப் போட்டான். ஆட்டோவிலும் டீக்கடையிலும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த பாட்டு. இசை ஆரம்பித்தது, திரையில் வரிகள் வந்தன. நாற்பத்து மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கண்கள் இடமிருந்து வலமாகப் போயின. அடுத்த வரி வந்தது. மறுபடியும் கண்கள் இடமிருந்து வலமாகப் போயின. சிலருக்கு உதடு அசைந்தது. பெயின்டர் மேல்சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பாட்டு முடிகிற வரைக்கும் கூடத்தில் இசையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. இந்தப் பாவிகள் பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு மூன்றாவது வரியில்தான் உறைத்தது.

முடிந்ததும் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். வாசித்து முடிப்பதற்குள் அடுத்த பக்கம் வந்துவிடுகிறது, கொஞ்சம் மெதுவாகத் திருப்பச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். கொழுந்தன் என்னைப் பார்த்தான். அவன் தொழிலில் இப்படி ஒன்றை அவன் பார்த்ததே இல்லை. அதிகாரி அம்மா படிவத்தில் வந்தவர்கள் என்ற இடத்தில் நாற்பத்து மூன்று என்று எழுதினார். பங்கேற்றவர்கள் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

கொழுந்தன் சும்மா சொல்லக்கூடாது, தன் வித்தை அத்தனையையும் காட்டினான். வலப்பக்கம் ஒரு அணி, இடப்பக்கம் ஒரு அணி என்று பிரித்தான். இரண்டு அணியும் போட்டி போட்டுக்கொண்டு அமைதியாக இருந்தன. கைதட்டச் சொன்னான். எல்லோரும் இரண்டு விரலால் உள்ளங்கையைத் தொட்டார்கள். இறங்கிப் போய்ப் பெயின்டரின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினான். அவர் அதை வாங்கி, கைக்குட்டையால் மூடி, என் பக்கம் திரும்பி, மேடத்துகிட்ட அனுமதி வாங்கியாச்சா என்று கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பு நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். நான் சொல்கிறேன், பாடுங்கள், சத்தமாகப் பாடுங்கள், இன்றைக்கு யார் பெயரையும் எழுத மாட்டேன் என்று அதட்டினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அதட்டினால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பதில் வாயை மூடிக்கொள்வதுதான். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான், யாரை நோவது?

இரண்டாவது பாட்டு ஓட ஆரம்பித்தது. அது ஒரு தாலாட்டு. முதல் இரண்டு வரி சும்மாதான் போனது. மூன்றாவது வரியில் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. தையல் அக்கா. தலையைக் குனிந்துகொண்டு, தொழிற்சாலையில் மிஷினோடு சேர்ந்து முனகுவாராம், அப்படித்தான் ஆரம்பித்தார் போலிருக்கிறது. ஆனால் வரி போகப் போகக் குரல் மேலே வந்தது. என்ன குரல் அது! பத்து வருடமாக இந்தக் குரலைத்தான் நான் வாயைத் திறக்கவிடாமல் உட்கார வைத்திருந்தேனா? பக்கத்தில் இருந்த பெண் சேர்ந்துகொண்டாள். பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர். அதிகாரி அம்மா பேனாவைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து, நன்றாகக் கேட்க வேண்டும் என்று யாரோ நாற்காலியை முன்னால் இழுத்தார்கள். தரையில் கால் உரசி நீளமாகக் கிறீச்சிட்டது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாக உதட்டுக்குப் போனது, அந்தக் கையில் மைக் இருந்தது.

“ஷ்ஷ்ஷ்!”

நான்கு ஒலிபெருக்கியும் சேர்ந்து போட்ட ‘ஷ்ஷ்’ அது. வெளியே சைக்கிளில் போன ஒரு ஆள் பிரேக் போட்டு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே நாற்பத்து மூன்று வாயும் ஒரே நேரத்தில் மூடின. தையல் அக்கா கையிலிருந்த நாவலைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டார். இசை மட்டும் அநாதையாக ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி அம்மா பேனாவுக்கு மூடி போட்டார்.

நான் என் மேசைக்குப் போய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். எல்லாம் போயிற்று. அட்டெண்டர் பக்கத்தில் வந்து நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

“மேடம், நீங்க கத்துனாலும் பயப்படுறாங்க, சும்மா நின்னாலும் பயப்படுறாங்க. இவங்க முன்னாடி நீங்க எப்பவாவது ஒரு தப்பு பண்ணியிருக்கீங்களா? பண்ணதே இல்ல. அப்புறம் எப்படி வாயத் தொறப்பாங்க?”

தப்புச் செய்ய வேண்டும் என்றால் என்னிடம் கைவசம் ஒன்று இருந்தது. நான் பாடுவேன். நான் வாயைத் திறந்தால் அடுப்பில் இருக்கும் பால் திரிந்துவிடும் என்பது என் வீட்டுக்காரரின் கருத்து. குழந்தை அழுகையை நிறுத்த நான் பாடப்போய், பக்கத்து வீட்டுக் குழந்தையும் சேர்ந்து அழுத கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். நான் எழுந்து போய், முதலில் போட்ட காதல் பாட்டையே மறுபடி போடு தம்பி என்று கொழுந்தனிடம் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணி, யார் பாடப்போறா?”

மைக்கோடு நடுவில் போய் நின்றேன். இசை வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகைகூட வரும்போல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். முதல் வரி இசைக்கு முன்னால் ஓடியது. இரண்டாவது வரி பின்தங்கியது. மேலே போக வேண்டிய இடத்தில் குரல் ஏறப்போய்ப் பாதியில் வழுக்கி விழுந்தது. விடாமல் பாடினேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது நாற்பத்து மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான்காவது வரியில் டக், டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. என் மேசைக்குப் பக்கத்தில் பெயின்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் என் பென்சில். பின்பக்கத்தால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, என்னையே பார்த்தார். பிறகு விரலைத் தூக்கி உதட்டில் வைத்தார்.

“மேடம். ஷ்ஷ்.”

எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு பின்வரிசையில் ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி நாற்பத்து மூன்று பேரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். அட்டெண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பதினோரு வருடம் நெஞ்சைக் கிழிக்கும் இருமலை எனக்காக விழுங்கிய மனிதர், முதல் தடவையாக வாய் நிறையச் சிரித்தார். சிரித்ததில் இருமலும் வந்தது. கைக்குட்டையைத் தேடாமல் இருமி முடித்துவிட்டு, அப்படி இல்லை மேடம், அந்த இடத்தில் குரல் கீழே இறங்க வேண்டும் என்று சொல்லிப் பாடிக் காட்டினார்.

சரியாகத்தான் பாடினார். பாதியில் இருமல் வந்து அவர் நிறுத்திய இடத்திலிருந்து தையல் அக்கா எடுத்துக்கொண்டார். தேர்வுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் நிறுத்தலாமா என்று ஒரு விநாடி வாயை மூடிப் பார்த்தேன். உடனே நாலைந்து பேர் சந்தேகமாக என் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் வைத்து, முன்னைவிடத் தப்பாகப் பாட ஆரம்பித்தேன். என்னை அமுக்க வேண்டும் என்ற வெறியில் கூடமே எழுந்து நின்று பாடியது. கொழுந்தன் அந்தப் பாட்டை நான்கு தடவை போட்டான், நானும் நான்கு தடவை கெடுத்தேன். முன்வரிசையில் அதிகாரி அம்மா முதலில் காதைப் பொத்தினார். பிறகு, ஐயோ இப்படியா பாடுவது என்று படிவத்தை நாற்காலியில் போட்டுவிட்டு அவரும் எழுந்துவிட்டார்.

போகும்போது படிவத்தைப் பூர்த்தி செய்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். வந்தவர்கள் நாற்பத்து மூன்று. பங்கேற்றவர்கள் நாற்பத்து நான்கு. கணக்கு இடிக்கிறதே என்றேன். அவர் என்னைச் சேர்க்கவில்லை என்றும், நான் செய்ததற்குப் பெயர் பங்கேற்பு இல்லை என்றும், அந்த நாற்பத்து நான்காவது ஆள் தான்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்கால நேரத்தை யாரும் தொட மாட்டார்கள் என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெயின்டர் அப்போதுதான் என்ன நடக்க இருந்தது என்று தெரிந்துகொண்டார்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மேடம்?” என்று கேட்டார்.

நான் தேதி முத்திரையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் பலகையைத் திரும்ப மாட்டினேன். நூலகம் நூலகம்தான். சாயங்காலம் எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள், வழக்கம்போல நாற்காலியைத் தூக்கி நகர்த்தி உட்கார்ந்தார்கள். ஆறு மணி இருக்கும், மூலையிலிருந்து ஒரு இருமல் வந்தது. கைக்குட்டை வைக்காத, முழு இருமல். கை பழக்கத்தில் பென்சிலை எடுத்து மூன்று தட்டுத் தட்டிவிட்டேன். பெயின்டர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாக என் மேசை மேல் இருந்த நீல நோட்டைப் பார்த்தார்.

எடுத்துத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில், சுவரில் எழுதிப் பழகிய பெரிய பெரிய எழுத்தில், நேற்றைய தேதி போட்டிருந்தது. நேரம் ஆறு பத்து. பெயர்: நூலகர். குற்றம்: கூடத்தில் தாங்க முடியாத சத்தம். கையெழுத்து என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

தலையைத் தூக்கினால் தையல் அக்கா நாவலுக்கு மேலே கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேர்வுப் பெண்கள் யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை. அட்டெண்டர் துடைப்பத்தோடு நின்றுவிட்டார். இந்த அவமானத்துக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும், பழைய ஆளாக இருந்தால் செய்திருப்பேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். கட்டத்துக்கு வெளியே போகாமல், தெளிவாக, முழுக் கையெழுத்துப் போட்டேன்.